மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது

கேள்வி: அண்ணே, நான் கேஎல்ல ஒரு கம்பெனியில கணக்கு பாக்குறேன். அப்பாவுக்கு முடியலன்னு சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்து வீட்டுக்கு வந்து ரெண்டு வாரமாச்சு, ஹேண்ட்போன் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புலயே வேல செய்யுறேன். அவுட்லுக்ல மெயில் எல்லாம் ஒழுங்கா வருது, நான் அனுப்புறது மட்டும் போகாம அவுட்பாக்ஸ்லயே கெடக்குது. பாஸ்வர்ட் ரெண்டு தடவ மாத்திட்டேன். தம்பி லைன் சரியில்லங்குறான். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, மொதல்ல அப்பா சீக்கிரம் எழுந்து நடமாடணும். அடுத்தது, பாஸ்வர்ட்ட இனிமே தொடாதீங்க. மெயில் உள்ள வருதுன்னாலே பாஸ்வர்ட் சரி, லைனும் ஏதோ இருக்குன்னு அர்த்தம். வர்ற வழி வேற, போற வழி வேறம்மா. அந்தக் காலத்துல தோட்டத்துக்கு வர்ற கடுதாசிய கிராணி பேரச் சொல்லிக் கூப்பிட்டு கொடுப்பாரு, நாம ஒன்னு போடணும்னா டவுனுக்குப் போயி ஸ்டாம்பு ஒட்டணும், இதுவும் அதே மாதிரிதான். வாங்குறதுக்கு ஐமேப் இல்லன்னா பாப், அனுப்புறதுக்கு எஸ்எம்டிபின்னு தனி செட்டிங்.

கேஎல்ல போனது இங்க ஏன் போகல? சில ஆபீஸ் சர்வர், ஆபீஸ் லைன்ல இருந்து வந்தா நம்ம ஆளுதான்னு பாஸ்வர்ட் கேக்காமலே விட்டுடும், அதே நீங்க தோட்டத்துல இருந்து போய் நின்னா யாரு நீன்னு திருப்பி அனுப்பிடும். எரர்ல 'ரிலேயிங் டினைட்'னு இருந்தா இதுதான் கத.

எரர் அப்படி எதுவும் தெளிவா சொல்லாம ரொம்ப நேரம் சுத்திட்டு டைம் அவுட்னு நின்னா 25ஆம் போர்ட்ட சந்தேகப்படுங்க. போர்ட்னா சர்வருக்குள்ள போற வாசல் நம்பர் மாதிரி, எஸ்எம்டிபியோட பழைய வாசல்தான் 25. எஸ்எம்டிபி 1982ல எழுதுனது, அனுப்புறது யாருன்னு பாஸ்வர்ட் கேக்குற ஏற்பாடே அப்ப அதுல கெடயாது. வைரஸ் புகுந்த வீட்டு கம்ப்யூட்டருங்க வழியா ஸ்பேம் கொட்ட ஆரம்பிச்சதும் நெறைய இணைய கம்பெனிங்க 25ஐ வெளிய போகாம அடச்சிட்டாங்க. நம்மள மாதிரி ஆளுங்க அனுப்புறதுக்குன்னே 1998ல 587ன்னு தனி போர்ட் ஒதுக்குனாங்க.

அதனால அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல அவுட்கோயிங் சர்வர்னு இருக்குற எடத்துக்குப் போங்க. 'மை அவுட்கோயிங் சர்வர் ரிக்வயர்ஸ் ஆத்தென்டிகேஷன்'னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதுல டிக் போடுங்க, வெறும் கட்டமா இருந்தா உங்க பிரச்சனையில பாதி அதுதான். போர்ட் 25ன்னு இருந்தா 587ன்னு மாத்தி என்கிரிப்ஷன்ல ஸ்டார்ட்டிஎல்எஸ் வைங்க. ஆபீஸ் ஐடி ஆளு 465ன்னு சொன்னா அதுக்கு எஸ்எஸ்எல், ரெண்டையும் மாத்திக் கொழப்புனா சேராது. வெளிய இருந்து அனுப்ப ஆபீஸ் விபிஎன், அதாவது ஆபீஸ் லைனுக்குள்ள போற பாதுகாப்பான தனி வழி, வேணுமான்னும் அவர்கிட்டயே கேட்டுக்குங்க.

இன்னொன்னையும் பாருங்க, அவுட்பாக்ஸ்ல மொதல்ல நிக்குறது பெரிய ஃபைலா? இணைப்பு மெயில்ல போறப்ப மூணுல ஒரு பங்கு பெருக்கும், 18 எம்பி ஸ்கேன் 24 எம்பி ஆயிடும், செம்பனைக்கு நடுவுல ரெண்டு கோடு லைன்ல அது ஏறவே ஏறாது. அத எடுத்துட்டு ரெண்டு வரி மெயில் ஒன்னு அனுப்பிப் பாருங்க.

எனக்கு இது தைப்பிங்ல ஒரு ஹோட்டல்ல நடந்துச்சு. மறுநாள் காலையில சேரவேண்டிய விலைப்பட்டியல், ராத்திரி முழுக்க அவுட்பாக்ஸ்லயே கெடந்துச்சு, நான் போயிடுச்சுன்னு நெனச்சு தூங்கிட்டேன். அந்த வேல கைவிட்டுப் போச்சு. அதனாலதான் சொல்றேன், செட்டிங் சரியாகுற வரைக்கும் அவசர மெயில பிரவுசர்ல வெப்மெயில் தொறந்து அனுப்புங்க, அது 25, 587 எதையும் நம்பி இல்ல. அனுப்புனதும் சென்ட்ல இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், பீடோர். பழைய லேப்டாப்புல உள்ள மெயில் மென்பொருள் ஜிமெயில் பாஸ்வர்ட்ட ஏத்துக்க மாட்டேங்குது. சரியாத்தான் அடிக்கிறேன்.

பதில்: நீங்க சரியாத்தான் அடிக்கிறீங்க ஐயா. பேரும் பாஸ்வர்டும் மட்டும் கேக்குற பழைய மென்பொருள்கள கூகுள் 2022 மே மாசக் கடைசியில நிறுத்திடுச்சு. கூகுள் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வர்டுக்கு மேல இன்னொரு தடவ சரிபார்க்குறது) போட்டுட்டு 'ஆப் பாஸ்வர்ட்' ஒன்னு வாங்குங்க, 16 எழுத்து வரும், உங்க பாஸ்வர்டுக்குப் பதிலா அத வாங்குற சர்வர், அனுப்புற சர்வர் ரெண்டு எடத்துலயும் போடுங்க.