மிலன் 4ஏ என்றால் நாலாம் ஸ்டேஜா?

கேள்வி: வயது 44. இடது காது மடலுக்குக் கீழே மூன்று வருடமாக வலியில்லாத கட்டி. ஊசி போட்டு எடுத்த டெஸ்டில் 'ப்ளியோமார்பிக் அடினோமா, மிலன் 4ஏ' என்று இருக்கிறது. இன்னொரு டாக்டர் 'மிக்ஸ்டு ட்யூமர்' என்கிறார். இரண்டும் வேறா? பாதி கேன்சரா? நாலாம் ஸ்டேஜா?

பதில்: ஸ்டேஜ் பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் கட்டி இருப்பது காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில். இந்தச் சுரப்பிகளின் ஊசி டெஸ்ட் முடிவை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி எழுத 2018இல் வந்த முறைதான் மிலன். அதில் 4ஏ என்றால் சாதாரணக் கட்டி, புற்றுநோய் என்பது 6. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் வருபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பெயர் இரண்டும் ஒரே கட்டிக்குத்தான். மிக்ஸ்டு என்பது பழைய பெயர், நல்லதும் கெட்டதும் கலந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. ஸ்லைடில் பார்த்தால் ஒரு பக்கம் சுரப்பி செல்கள், பக்கத்திலேயே நுங்கு மாதிரி வழவழப்பு, நடுவில் குருத்தெலும்பு போல ஒரு துண்டு. இந்தக் கலவையைத்தான் அப்படிச் சொன்னார்கள். இதே சுரப்பியில் வரும் இன்னொரு கட்டியான 'அடினோலிம்போமா'வின் பெயர்க் கதை இன்னும் மோசம்: பெரும்பாலும் புகைபிடிப்பவர்களுக்கு வருகிற சாதாரணக் கட்டிதான், ஆனால் பேரைக் கேட்டால் நிணநீர்ப் புற்றுநோய் போலிருக்கும். நல்லவேளை, இப்போது வார்தின் கட்டி என்கிறோம்.

சரி, சாதாரணக் கட்டிதானே, அப்படியே விட்டுவிடலாமா என்றால், உங்களுடையதை விடக்கூடாது. வருடங்கள் போகப் போக இதில் ஒரு சிறு பங்கு புற்றாக மாறுவதுண்டு. அதற்காக உள்ளே இருப்பதை மட்டும் தோண்டி எடுப்பதும் தப்பு, ஏனென்றால் இதன் உறை எல்லா இடத்திலும் முழுசாக இருக்காது, துளி மிஞ்சினாலும் சில வருடம் கழித்து அதே இடத்தில் நாலைந்து முடிச்சாகத் திரும்பி வரும், முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேயே ஓடுவதால் இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கஷ்டம். ஆகவே சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து, நரம்பைக் காப்பாற்றி எடுக்க வேண்டும். எடுத்த கட்டியை முழுசாகப் பரிசோதித்த பிறகுதான் இறுதிப் பெயர்.

நாளைக்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் கட்டி திடீரென்று பெருத்தாலோ, வலித்தாலோ, அந்தப் பக்கம் வாய் கோணினாலோ, கண் சரியாக மூடாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், சர்ஜனைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.