நன்றி மரத்தில் தினமும் 'பொம்மை'தானா?

அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளுக்காக (தேங்க்ஸ்கிவிங்) சுவரில் ஒட்டிய, எதற்கு நன்றி என்று தினமும் ஒரு இலையில் எழுதிச் சேர்க்கும் காகித மரத்தில் சின்னவன் தினமும் 'பொம்மை' என்றே எழுதுகிறான், பெரியவள் இலையைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள்.

'எதற்கு நன்றி?' என்று கேட்டால் 5 வயதுக்கு வேறென்ன வரும்! 'இன்னைக்கு யார் உனக்கு உதவி பண்ணாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கூல் பஸ் ஓட்டுநர், ஷூ லேஸ் கட்டிவிட்ட தோழி என்று ஆள் ஆளாக வருவார்கள். அவன் படம் வரையட்டும், கீழே பெயரை நீங்கள் எழுதுங்கள்.

பெரியவளை வற்புறுத்த வேண்டாம். இலை வெட்டும் வேலையைக் கொடுங்கள். தாளை நான்காக மடித்தால் ஒரே வெட்டில் நான்கு இலை. காம்பில் மட்டும் பெயின்டர் டேப் (எளிதில் பிரிந்து வரும் காகித டேப்) போதும், சுவரில் பெயின்ட் உரியாது. நன்றி நவிலல் நாளான நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையன்று இலைகளைப் பறித்து, சாப்பாட்டு மேசையில் அவளையே படிக்கச் சொல்லுங்கள்.