பூவா தலையா சொல்ல மறுத்தவர்

கேள்வி: ஸ்காட்லாந்து நடிகை கெல்லி மெக்டொனால்டு, ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துவிட்டு நடிகர் தேர்வுக்குப் போய், முதல் படத்திலேயே உலகப் புகழ் பெற்றார். அப்படி அதிர்ஷ்டம் அடித்தவர் பிறகு ஏன் டி.வி. தொடர்களுக்கு இறங்கி வந்துவிட்டார்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அதிர்ஷ்டமா? அவர் விஷயத்தில் அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன், கோயன் சகோதரர்கள் 2007-இல் எடுத்த ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்’ படத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

தாயைப் புதைத்துவிட்டு வீடு திரும்புகிறாள் கார்லா ஜீன். கெல்லி நடித்த வேடம் அது. அறைக்குள் கொலைகாரன் உட்கார்ந்திருக்கிறான். நாணயத்தைச் சுண்டிவிட்டு, பூவா தலையா சொல் என்கிறான். சரியாகச் சொன்னால் உயிர் மிஞ்சும். முன்னால் ஒரு காட்சியில் பெட்ரோல் பங்க் கிழவர் ஒருவர் அப்படிச் சொல்லித்தான் தப்பித்தார். இவள் சொல்ல மறுக்கிறாள். முடிவு எடுப்பது நீ, நாணயத்தின் மேல் பழியைப் போடாதே என்கிறாள். கார்மாக் மெக்கார்த்தியின் மூல நாவலில் அவள் சொல்கிறாள், தோற்கிறாள். படத்தில்தான் மறுக்கிறாள். அலறல் இல்லை, கெஞ்சல் இல்லை. அழுது ஓய்ந்த குரலில், டெக்சாஸ் பேச்சில், கொலைகாரனின் மொத்தச் சித்தாந்தத்தையும் உடைத்துப் போடுகிறார் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பெண்ணான கெல்லி. பிரிட்டனின் பெரிய சினிமா விருதான ‘பாஃப்டா’வுக்கான பரிந்துரை இந்த வேடத்துக்குத்தான் வந்தது. விருதையே கொடுத்திருக்க வேண்டும்.

துண்டுப் பிரசுரம் அதிர்ஷ்டம்தானே என்பீர்கள். அதுவும் ஒரு இயக்குநர் யோசித்து எடுத்த முடிவு. கெல்லியின் முதல் படமான ‘டிரெயின்ஸ்பாட்டிங்’கில் அவர் நடித்த டயான், இரவில் விவரமான பெண்ணாகத் தெரிவாள். விடிந்ததும் பள்ளிச் சீருடையில் வந்து நிற்பாள். தெரிந்த முகத்தைப் போட்டால் அந்தத் திருப்பம் படுத்துவிடும். இயக்குநர் டேனி பாயில் புதுமுகம் தேடினார், பிரசுரம் ஊருக்குள் போனது. மது பரிமாறும் வேலையில் இருந்த 19 வயதுப் பெண், எந்த நடிப்புப் பள்ளிக்கும் போகாதவர், தேர்வுக்குப் போய் நின்றார். கதவைத் திறந்து வைத்தால் திறமை தானாக உள்ளே வரும் என்று நான் இந்தப் பக்கத்தில் எத்தனை காலமாக எழுதி வருகிறேன்! சினிமாக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு, புதுமுகமே கிடைப்பதில்லை என்று புலம்புகிறார்கள்.

அப்புறம் அவருடைய உண்மையான பலத்துக்கு வருவோம். அவருக்குக் கேட்கத் தெரியும். எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ராபர்ட் ஆல்ட்மனின் ‘காஸ்ஃபோர்டு பார்க்’கில் (2001) மேகி ஸ்மித் நடித்த சீமாட்டிக்குப் பணிப்பெண். பெரிய பெரிய நடிகர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். மழையில் காரை விட்டு இறங்கி சீமாட்டிக்கு பிளாஸ்க் திறந்து கொடுக்கும் இந்தப் பெண்தான், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, கொலை செய்தது யார் என்று கடைசியில் கண்டுபிடிக்கிறாள்.

டி.வி.க்கு ‘இறங்கி’ வந்தாராம்! 2005-இல் பி.பி.சி.யும் அமெரிக்காவின் எச்.பி.ஓ.வும் ஒளிபரப்பிய ‘த கேர்ள் இன் த கஃபே’ என்ற டி.வி. படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஐஸ்லாந்தில் ஜி-8 என்ற எட்டு பெரிய நாடுகளின் மாநாடு. பிரதமர் பேசும் விருந்தில் குறுக்கே பேசி, விரலைச் சொடுக்கிச் சொடுக்கி, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு ஏழைக் குழந்தை சாகிறது என்கிறாள் கெல்லி நடித்த ஜீனா. நிஜமான ஜி-8 மாநாடு அடுத்த மாதமே ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் நடந்தது. 2010-க்குள் ஏழை நாடுகளுக்கான உதவியை ஆண்டுக்கு 5,000 கோடி டாலர் உயர்த்துவதாகத் தலைவர்கள் சொன்னார்கள். கெடு வந்தபோது சொன்ன தொகைக்குக் குறைவாகத்தான் வந்தது. பணக்கார நாடுகளின் வாக்குறுதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதும்போதெல்லாம் அரசியல் வேண்டாம் என்று கடிதம் வருகிறது. குழந்தைகள் சாவது அரசியல் இல்லாமல் வேறென்ன?

அந்தப் படத்துக்காக 2006-இல் அவருக்கு அமெரிக்க டி.வி. விருதான எம்மி கொடுத்தார்கள். எந்தப் பிரிவில்? துணை நடிகை! படத்தின் பெயரே அவள்தான், கதையைத் திருப்புவதும் அவள்தான். பிறகு எதற்குத் துணை? இந்தப் பிரிவையே எடுத்துவிட வேண்டும் என்பது என் பழைய கட்சி. இன்றும் மாறவில்லை.

‘போர்டுவாக் எம்பயர்’ தொடர் 2010 முதல் 2014 வரை ஐந்து பருவங்கள் ஓடியது. அதில் அயர்லாந்திலிருந்து வந்த விதவையாக அவர் நடித்த அளவுக்கு விரிந்த வேடம் இரண்டு மணி நேரப் படத்தில் கிடைக்காது. 2021-இல் அவர் நடித்த ‘லைன் ஆஃப் டியூட்டி’ தொடரின் ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியை பிரிட்டனில் 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். இதுவா இறக்கம்?

சினிமாவையும் அவர் விடவில்லை. 2018-இல் வந்த ‘பஸில்’ படத்தில் அவர்தான் நாயகி. தன் பிறந்தநாள் விருந்துக்குத் தானே சமைத்து, தானே பரிமாறி, தானே கேக்கைக் கொண்டுவரும் இல்லத்தரசி. துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கும் விளையாட்டில் தனக்கு அசாத்தியத் திறமை இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். ஆட்டத்தில் கூட்டாளி நம் இர்ஃபான் கான். 2020-இல் அவரை இழந்தோம். கேட்கத் தெரிந்த இரண்டு நடிகர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரமே தேடிப் பாருங்கள்.