பத்தில் மூன்றுதானா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து கடைப்பிடிக்கும் பத்து வீட்டுக் குறிப்புகளை உங்களுக்கு எழுதி அனுப்பினேன். மூன்றைத்தான் போட்டீர்கள். மற்ற ஏழும் குப்பைக் கூடைக்குப் போய்விட்டனவா? எல்லாமே நாங்கள் செய்து பார்த்துப் பலித்தவை. பலிக்கிற குறிப்புக்குக் காரணமும் விளக்கமும் எதற்கு? சமையலறையில் நிற்பவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: குப்பைக் கூடைக்குப் போகவில்லை அம்மா. உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கடைசி வரியில் எனக்கு ஒரு குட்டு வைத்திருக்கிறீர்கள், சரி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் காரணம் எதற்கு என்று கேட்டீர்களே, அதை விட முடியாது. காரணம் தெரிந்தால்தான் ஒரு குறிப்பு எந்த இடத்தோடு நிற்கும் என்பது தெரியும். உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் புளி வருகிறது. ஒன்றைப் போட்டோம், இன்னொன்றைப் போடவில்லை. அதிலிருந்தே தொடங்குவோம்.

அலுமினிய இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றும்போது சுண்டைக்காய் அளவு புளியோ, பிழிந்துபோட்ட எலுமிச்சம்பழத் தோலோ சேர்த்தால் உள்பக்கம் கறுக்காது என்று எழுதியிருந்தீர்கள். அருமையான குறிப்பு. போர்வெல் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அதன் காரத்தன்மை ஏறும். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டு. இந்தக் காரம் அதை அரிக்கிறது. தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் கறுப்பு வளையம் விழுவது அதனால்தான். புளியின் அமிலம் காரத்தை முறித்துவிடுகிறது. எவர்சில்வர் பானை கறுக்காது, வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதையும் இதே புளி பார்த்துக்கொள்ளும். நாங்கள் ஒரு வரி மட்டும் சேர்த்தோம்: கடைசி ஈடு எடுத்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ராத்திரி முழுக்க அலுமினியத்தில் நிற்க விடாதீர்கள். அமிலமும் அலுமினியத்தை அரிக்கக்கூடியதுதான்.

அதே புளியை வேகாத துவரம்பருப்பில் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆறு விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் சீக்கிரம் இளகாது. பருப்பு குழைந்த பிறகுதான் புளித்தண்ணீர் என்று உங்கள் மாமியார் சொல்லிக்கொடுத்திருப்பார். அவருக்கு பெக்டின் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புளி எங்கே சேரும், எங்கே சேராது என்பது தெரிந்திருந்தது. நான் கேட்கும் காரணம் அவ்வளவுதான்.

இப்போது போடாத புளி. வெள்ளி விளக்கையும் கொலுசையும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தளைக் குத்துவிளக்கு என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன். பித்தளையின் மேல் படியும் மங்கல் பெரும்பாலும் செம்பின் ஆக்சைடு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும். வெள்ளியின் கறுப்பு வேறு சாதி. காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் சல்பைடு அது. புளிக்கு அது அசையாது. பளிச்சென்று ஆனது என்கிறீர்களே, அது நீங்கள் தேய்த்த தேய்ப்பு. விபூதி போட்டுத் தேய்த்தாலும் அதே பளிச்சுதான் வரும், பற்பசை போட்டால் கூடவே கீறலும் வரும்.

வெள்ளிக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்துக் கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றுங்கள். சில நிமிடங்களில் அழுகிய முட்டை வாடை லேசாக வரும். பயப்பட வேண்டாம், கந்தகம் வெள்ளியை விட்டுக் கிளம்புகிறது. தேய்க்கிற வேலையே இல்லை, வெள்ளியும் தேயாது. கல் பதித்த நகை, வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய நகை இரண்டையும் மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள்.

மிக்ஸியில் கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்ற குறிப்பு எங்களுக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இருக்கும். உங்களுடையதிலும் இருந்தது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் உப்பு 2.5-ஐத் தாண்டாது, பிளேடு எஃகு 5-க்கு மேல். மெத்தென்றிருப்பது கெட்டியானதைச் சாணை பிடிக்காது. ஜாரின் அடியில் ஒட்டியிருந்த மசாலா பிசுக்கு கழன்று வந்திருக்கும், அதனால் அடுத்த அரைப்பு நன்றாக விழுந்ததுபோல் தோன்றியிருக்கும். அந்த உப்பைச் சரியாகக் கழுவாமல் விட்டால் எவர்சில்வருக்கும் கேடுதான். பிளேடு மழுங்கிவிட்டால் மிக்ஸி ரிப்பேர் கடைக்குக் கொடுங்கள்.

குழம்பில் உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு. இதுவும் நிறைய பேர் சொல்வது. கிழங்கு உப்பை மட்டும் தனியே உறிஞ்சாது. உப்புத் தண்ணீரை உறிஞ்சும். மிச்சக் குழம்பு அதே கரிப்போடுதான் நிற்கும். வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ சேர்த்துக் குழம்பைக் கூட்டுங்கள். இரண்டு வேளைக்கு வரும், அவ்வளவுதான்.

இது வரைக்கும் சொன்னதில் யாருக்கும் ஆபத்தில்லை. மிஞ்சிப்போனால் கொஞ்சம் உப்பும் நேரமும் வீண். அடுத்த மூன்றுக்குத்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைத்தால் இன்னொரு நாள் ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாகிவிட்ட வாயு. நிமிர்ந்து நிற்கும்போது மேலே தேங்கும் ஆவி மட்டும் ரெகுலேட்டர் வழியாக வரும். படுக்கவைத்தால் திரவமே குழாயில் இறங்கிவிடும். அது வெளியே வந்து வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். அடுப்பில் அந்த நேரம் தீ எரிந்துகொண்டிருக்கும் என்பதை யோசியுங்கள். வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவதும் இதே ரகம். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையென்றால், ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை துடைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காலியான மேல்பகுதி சட்டென்று காய்ந்துவிடும். திரவம் இருக்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் கொஞ்சம் தாமதமாகவே காயும். அந்த எல்லை கோடு போட்டதுபோல் தெரியும். துல்லியமாகத் தெரிய வேண்டுமா? காலி சிலிண்டரின் எடை அதன்மேலேயே பொறித்திருக்கும். எடை போட்டுப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சிலிண்டரில் நிரப்புவது 14.2 கிலோ.

இரண்டாவது, பாத்ரூம் தரைக்கு பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன்மேல் ஆசிட்டை ஊற்றினால் கறை சுத்தமாகப் போகும் என்பது. கறை போவது இருக்கட்டும். அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான். நம் ஊர் பாத்ரூமுக்கு ஜன்னல் என்று ஒரு சாண் சதுரம் இருந்தால் அதிகம். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் தனி, ஆசிட் தனி. ஒன்றைப் போட்ட இடத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் இன்னொன்றை எடுக்கவே கூடாது. வினிகரும் எலுமிச்சையும்கூட பிளீச்சிங் பவுடர் பக்கம் வரக் கூடாது. இரண்டு நல்ல பொருளைக் கலந்தால் இரண்டு மடங்கு நல்லது என்று எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை. சிங்க் அடைப்புக்கு சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றுகிறார்களே, அதில் ஆபத்தில்லை, ஆனால் நுரைத்து முடித்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டுவிடும். தனித்தனியே இருந்த கொஞ்ச சக்தியும் போச்சு.

மூன்றாவது, எண்ணெய் தெறித்த இடத்தில் பேனா மையோ பற்பசையோ இட்லி மாவோ தடவுவது. வேண்டாம். உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். அப்புறம் சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு, கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போங்கள். மை பூசிய புண்ணில் காயம் எவ்வளவு ஆழம் என்று அவராலும் பார்க்க முடியாது.

போட்ட மற்ற இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாழைப்பூவை நறுக்கி மோர்த்தண்ணீரில் போடுவதும், முழுத் துவரையில் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் பிசிறிவைப்பதும் காரணத்தோடு நிற்கிற குறிப்புகள். பயற்று வண்டு பருப்பின் மேல்தான் முட்டை வைக்கும், எண்ணெய் அந்த முட்டையைப் பொரிய விடாது. ஆனால் ஏற்கெனவே ஓட்டை விழுந்த பருப்பில் எண்ணெய் ஊற்றிப் பெரிய பயனில்லை.

எண்ணிப் பார்த்தீர்களானால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கும். வேட்டியில் சாம்பார் கொட்டி, சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறியது, பயந்துபோய் வெயிலில் போட்டேன், சாயங்காலம் கறையே இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதும் இதே கதைதான்: காரம் பட்டால் மஞ்சளில் உள்ள குர்குமின் சிவக்கும், வெயில் பட்டால் சிதைந்து நிறமிழக்கும். இந்தக் குறிப்பு அடுத்த இதழில் உங்கள் பெயரோடு வருகிறது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பட்டுப்புடவையை யாராவது நாள் முழுக்க வெயிலில் போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.