மழை வந்தால் ஹார்ன் தானாக அடிக்கிறது: கார் ஒயரிங் கேள்வி-பதில்

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த மாதிரிக் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி, ஓர் இரவு மழைக்குப் பிறகு தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாதவரை, எந்தப் பார்ட்டையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: போன வருடம் வெளியே கடையில் இரட்டை ஹார்ன் மாட்டினேன். இப்போது மழை பெய்தால் ஹார்ன் தானாக அடிக்கிறது. நடுராத்திரியில் தெருவே எழுந்துகொள்கிறது, சார். (மதுரை)

பதில்: இதற்கு ஹார்னை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் ஹார்ன் பட்டன் செய்வது ஒரே வேலைதான்: ஹார்னுக்குக் கரன்ட் விடும் ஸ்விட்சான ரிலேயின் ஒரு முனையை எர்த்தோடு, அதாவது காரின் பாடியோடு, சேர்ப்பது. அந்த ஒயர் நனைந்த இடத்தில் பாடியோடு லேசாகத் தொடர்பு ஏற்பட்டாலே போதும், பட்டன் அழுத்தியதாக ரிலே நினைத்துக்கொள்ளும். பானட்டைத் திறந்து புது ரிலே எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒயர் நுழையும் வாய் மேலே பார்த்தபடி இருந்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். வாய் கீழே பார்க்கும்படி திருப்பி மாட்டச் சொல்லுங்கள். ஒயர் கப்ளருக்குள் (ஒயர்களைச் சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு) போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரை அப்படித்தான் வளைத்து விட்டிருப்பார்கள். வளைவின் அடியில் தண்ணீர் சொட்டிவிடும், உள்ளே போகாது.

இன்னொன்று. இந்த வேலை செய்பவர்கள் ஒயரை கேபினுக்குள் கொண்டுவர, இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டின் ரப்பரைக் கத்தியால் கீறிவிடுவார்கள். அதையும் பாருங்கள். அந்தக் கீறல் வழியாக வரும் தண்ணீர் வேறு இடத்தில் வேலை காட்டும்.

கேள்வி: எட்டு வருட ஹேட்ச்பேக். மழை விட்ட மறுநாள் சென்ட்ரல் லாக் தானாகத் திறந்து மூடுகிறது, ஒருமுறை வைப்பரும் ஓடியது. முன் இடது பக்கம் கார்பெட் ஈரமாக இருக்கிறது. பி.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா? (வேளச்சேரி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பி.சி.எம். என்பது லாக், வைப்பர் போன்றவற்றை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர். தண்ணீர் உள்ளே வரும் வழியை அடைக்காமல் புதியது போட்டால், அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். வெயில் காலத்திலும் ஏசி ஓடினால் ஈரமாகிறதா? அப்படியென்றால் ஏசி டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அது உறுதி. தொட்டால் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட், ஹீட்டர் கசிகிறது. மழைக்கு மட்டும்தான் வருகிறது என்றால் என் சந்தேகம் வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல்.

அந்த மூடிக்கு அடியில் ஒரு நீளமான பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் மழைநீர் முழுவதும் அதில் விழுந்து, ஓரத்தில் உள்ள துளைகள் வழியாகக் கீழே போய்விடும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவரா நீங்கள்? சருகும் பூவும் மூடியின் சல்லடை வழியாக இறங்கி, மட்கி, அந்தத் துளைகளில் சேறாகப் படிந்துவிடும். பள்ளத்தில் தண்ணீர் ஏறினால், ஏசி ப்ளோயர் வெளிக்காற்று இழுக்கும் வாய்க்குள் நேராகப் போகும். நம் ஊர்க் கார்களில் ப்ளோயர் பெரும்பாலும் இடது பக்கம்தான். அதனால்தான் இடது கார்பெட் நனைகிறது.

சோதிப்பது சுலபம். வெயில் நாளில் உள்ளே துடைத்துவிட்டு, கால் வைக்கும் இடத்தில் செய்தித்தாள் விரியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு டேஷ்போர்டு அடியைப் பார்த்தபடி இருக்க, இன்னொருவர் கண்ணாடியின் அடிப்பகுதியில் மட்டும் மக்கால் மெதுவாக ஊற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் மேலிருந்து ஹோஸ் அடித்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கீழே ஆரம்பித்து ஒவ்வோர் இடமாக மேலே போக வேண்டும்.

தண்ணீர் உள்ளே வரும் வழியைச் சரிசெய்தபிறகு பி.சி.எம்.முக்கு வருவோம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால், கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, முழுதாகக் காயவிட்டு மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். போர்டில் செம்புக் கோடே அரித்துப் போயிருந்தால்தான் மாற்ற வேண்டும். அப்போதும் பல வண்டிகளில் புதியதைச் சாவியோடு கோடிங் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு ஸ்கேனர் உள்ள இடமாகப் பாருங்கள்.

மழை விட்ட மறுநாள் ஏன் இந்தக் கூத்து என்றால், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோம்தான் காரணம். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். வெயிலில் ஆவியாகி, இரவில் டேஷ்போர்டுக்குள் குளிர்ந்து படியும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபேன் போட்டுக் காயவைக்காமல் இந்த வேலை முடியாது. பெர்ஃப்யூம் மாட்டி நாற்றத்தை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர். (நாகர்கோவில்)

பதில்: இரண்டும் ஒரே கோளாறுதான். டெயில் லாம்ப்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கேஸ்கட் சுருங்கித் தண்ணீர் இறங்குகிறது, அதே தண்ணீர் லாம்ப்பின் எர்த்தைத் துரு பிடிக்க வைத்திருக்கிறது. திரும்பிப்போக எர்த் கிடைக்காத கரன்ட் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. லாம்ப்பின் எர்த் ஒயரிலிருந்து பெயின்ட் இல்லாத பாடி தகட்டுக்குத் தற்காலிகமாக ஓர் ஒயர் கொடுத்துப் பாருங்கள். இண்டிகேட்டர் அணைந்தால் நோய் அதுதான். துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, கேஸ்கட்டை மாற்றுங்கள். குழியின் அடியில் ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் தண்ணீர் வடியும். மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: சன்ரூஃப் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் ரூஃப் லைட்டில் தண்ணீர் சொட்டுகிறது. ரப்பரை மாற்றலாமா? (கோவை)

பதில்: ரப்பர் மேல் பழி போடாதீர்கள். சன்ரூஃப் ரப்பர் முழுத் தண்ணீரையும் தடுக்கும்படி செய்யப்படுவதில்லை. கொஞ்சம் உள்ளே வரும்; அது ஒரு தட்டில் விழுந்து, மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி வெளியேறும். குழாய் அடைத்தால் தட்டு நிரம்பிக் கூரைக்குள் வழியும், தூண் வழியாக இறங்கி டேஷ்போர்டு ஃபியூஸ் பாக்ஸையும் தொடும். மூடியைத் திறந்து மூலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா பாருங்கள். பஞ்சர் கடை ஏர் பிரஷரை மட்டும் அதில் அடிக்க விடாதீர்கள். குழாய் உள்ளேயே கழன்றுகொண்டால் கூரைத் துணியை இறக்க வேண்டியதுதான்.

கேள்வி: மழைக்காலத்தில் மட்டும் மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன். பேட்டரி புதுசு. (திருச்சி)

பதில்: எங்கோ கரன்ட் ஒழுகுகிறது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரமாவது விட்டு, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் ஒயரைப் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அதிலிருந்து கழற்றிய ஒயருக்கும் நடுவில் மீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் ஓடினால் 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி மூன்றே நாளில் காலி, செல்ஃப் எடுக்கும் தெம்பு அதற்கு முன்பே போய்விடும். மீட்டர் மாட்டிய நிலையில் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும். மழைக்கு மட்டும் என்பதால் கதவு ஸ்விட்சிலிருந்து ஆரம்பிப்பேன். அது நனைந்து, கதவு திறந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் வண்டி தூங்கவே தூங்காது.

கேள்வி: கப்ளரில் தண்ணீர் போகாமல் இருக்க எலக்ட்ரீஷியன் சிலிகான் வைத்து அடைத்துவிட்டார். சரியா? (தாம்பரம்)

பதில்: காயும்போது வினிகர் வாடை அடித்ததா? அடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த வகை சிலிகான் அசிட்டிக் அமிலம் விடும், செம்பை அரிக்கும். உள்ளே இருந்த ஈரமும் வெளியேறாது. கப்ளரின் சொந்த ரப்பர் சீலும் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸும் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) போதும்.

கேள்வி: தெருவில் தண்ணீர் ஏறி, காருக்குள் சீட்டின் அடி வரை நின்றது. வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (முடிச்சூர்)

பதில்: கூடாது. இக்னிஷனைக்கூட ஆன் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்து செல்ஃப் அடித்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளையக்கூடும். தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி இன்ஷூரன்ஸில் க்ளெய்மை மறுக்கவும் வாய்ப்புண்டு, இன்ஜின் புரொடெக்ட் கவர் எடுத்திருக்கிறீர்களா பாருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டோ செய்து அனுப்புங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் உரியவை. அவற்றில் நீங்களோ, தெரிந்த பையனோ கை வைக்க வேண்டாம், மீட்டரும் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஹெட்லைட்டுக்குள் பனி படிந்த மாதிரி இருக்கிறது. (ஊட்டி)

பதில்: லைட்டைப் போட்டு ஓட்டினால் மறைந்துவிடுகிறதா? விட்டுவிடுங்கள். அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் மட்டும் பின்பக்க மூடியின் ரப்பரைப் பாருங்கள். பல்பு மாற்றியவர் சரியாக மூடியிருக்க மாட்டார்.