லிங்க் நிறைய இருக்கிறது, டேட்டாபேஸ் எங்கே?

உங்கள் கடிதத்தைப் படித்தேன், அம்மா. மகன் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. டேட்டாபேஸ் வேலைக்குத்தான் போவேன் என்கிறான், நாள் முழுக்க வீடியோ பார்க்கிறான், நூறு லிங்க்குக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறான். எந்த கோர்ஸில் சேர்த்துவிடட்டும் என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு எதிலும் வேண்டாம். "உன் லேப்டாப்பில் ஓடுகிற டேட்டாபேஸ் ஒன்றைக் காட்டு" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காட்டினால் பாதிக் கவலை விட்டது. முழித்தால் இதற்குக் கீழே இருப்பதை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, இனி உன்னோடு பேசுகிறேன். முதலில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை இறக்கி நிறுவு. இலவசம்தான். அதன் அதிகாரபூர்வக் கையேடும் இலவசம், ஆனால் அதை யாரும் திறப்பதில்லை. தலையணை மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே, தொடக்கத்தில் இருக்கும் டுடோரியல் சின்னதுதான். அது முடிந்ததும் இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசிப் பக்க அகரவரிசை மாதிரி, தேடலை வேகமாக்கும் பட்டியல்) பற்றிய 11ஆம் அத்தியாயம், அப்புறம் வேகம் பற்றிய 14ஆம் அத்தியாயம். மற்றதெல்லாம் தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம்.

படிப்பதோடு நிறுத்தாதே. ஜெனரேட் சீரிஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதை வைத்து ஒரே கட்டளையில் 10 லட்சம் வரிகள் கொண்ட டேபிளை உருவாக்கிவிடலாம். அதில் மின்னஞ்சலுக்கு ஒரு காலம் (column, அதாவது நெடுவரிசை) வை. ஒரு முகவரியைத் தேடும் க்வெரியை, அதாவது தேடல் கட்டளையை எழுதி, அதன் முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் என்று சேர்த்து ஓட்டு. டேட்டாபேஸ் எந்த வழியில் தேடியது, எவ்வளவு நேரம் ஆனது என்ற பிளானை அது காட்டும். சீக் ஸ்கேன் என்று வரும். ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க 10 லட்சம் வரியையும் வரிசையாகப் புரட்டியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது அந்தக் காலத்துக்கு இண்டெக்ஸ் போட்டுவிட்டு மறுபடி ஓட்டு. இண்டெக்ஸ் ஸ்கேன் என்று மாறும், நேரமும் சட்டென்று சரியும்.

இதோடு திருப்திப்பட்டு எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நீ இன்னும் ஒன்று செய். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் வரக் கூடாது என்று மின்னஞ்சல் காலத்தை, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷனுக்குள் போட்டுத் தேடிப் பார். இண்டெக்ஸ் இருந்தும் மறுபடி சீக் ஸ்கேன் வந்து நிற்கும்! நீ இண்டெக்ஸ் போட்டது காலத்தின் மதிப்புக்கு, தேடுவதோ ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பை. அந்த ஃபங்ஷனோடு சேர்த்தே இண்டெக்ஸ் போட முடியும், வழி 11ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. இன்டர்வியூவில் "இண்டெக்ஸ் இருந்தும் க்வெரி ஏன் மெதுவாக ஓடுகிறது" என்று கேட்டால், மனப்பாடம் செய்தவன் தடுமாறுவான். நீ உன் டேபிளில் பார்த்ததைச் சொல்வாய்.

ஜாயின், அதாவது பல டேபிள்களை இணைத்துத் தேடுவது பழக, மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் தரும் சகிலா என்ற மாதிரி டேட்டாபேஸ் போதும். ஒரு டிவிடி வாடகைக் கடையின் கணக்கு வழக்கு அது. இன்றைய பிள்ளைகள் டிவிடியையே பார்த்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் ஜாயின் ஜாயின்தான்.

அடுத்ததை எந்த கோர்ஸிலும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் விழுந்த கதையைத் தாங்களே எழுதி வெளியிடுகின்றன. போஸ்ட்மார்ட்டம் என்றே அதற்குப் பெயர். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்களின் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைத் தேடிப் படி. துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாவை ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், பேக்கப் எடுக்கும் மென்பொருளின் வெர்ஷன் டேட்டாபேஸின் வெர்ஷனோடு பொருந்தாததால் அது வேலையே செய்யவில்லை. பேக்கப் தோற்றது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரம் முன்னால் வேறு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) கடைசியில் கைகொடுத்தது. டேட்டாபேஸ் அட்மின் வேலை என்றால் என்ன என்று என்னைக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இந்த அறிக்கைதான்.

புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தாராளமாகப் பயன்படுத்து. ஆனால் அது 2008லிருந்து இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய பதில் உன் வெர்ஷனுக்குப் பொருந்துமா என்று தேதியைப் பார்த்துக்கொள். ஏஐ எழுதித் தரும் க்வெரிக்கும் அதே கதிதான்: உன் 10 லட்சம் வரியில் ஓட்டி, பிளானைப் பார்த்த பிறகே நம்பு. எழுதியதையெல்லாம், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் போட்டுவை.

உள்ளே எப்படி ஓடுகிறது என்ற ஆசை வந்தால், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டி பாவ்லோ நடத்திய டேட்டாபேஸ் வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. கனமான பாடம். மூன்றாம் ஆண்டில் தொடு, இப்போது தொட்டால் இன்னொரு லிங்க்காகத்தான் கிடக்கும்.

அம்மா, சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு, அங்கே என்ன டேட்டாபேஸ் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு எழுதட்டும். பல நிறுவனங்கள் கட்டணத்தையும் தாங்களே கட்டிவிடுகின்றன. இப்போதே ஆரக்கிளுக்கு ஒன்று, மைக்ரோசாஃப்டுக்கு ஒன்று என்று பணத்தை இறைக்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். அதற்குள் அவன் தன் டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, மூலத்தை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்து பார்த்திருக்க வேண்டும். 10 லட்சம் வரியும் எண்ணிக்கை குறையாமல் வந்ததா என்று எழுதச் சொல்லுங்கள்.