ஆட்சியாளரை அறைக்குள் வேலை செய்வதுபோல் ஏன் வரைந்தார்கள்?

கிரீடமும் குதிரையும் இருக்கவேண்டிய படத்தில் மேசையும் காகிதமும் எதற்கு? ஆட்சியாளரின் வீரத்தை விட்டு உழைப்பைக் காட்டும் உருவப்படம் இது.

பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தவீத் 1812இல் வரைந்த பேரரசர் நெப்போலியனைப் பாருங்கள். விடியற்காலை நாலு மணி தாண்டிவிட்டது. மெழுகுவத்திகள் எரிந்து தீரப்போகின்றன. வாள் நாற்காலியில் கிடக்கிறது, மேசையில் சட்டத்தொகுப்புச் சுருள். ஊர் தூங்கும்போது இவர் சட்டம் எழுதுகிறார் என்று ஒரு வார்த்தை பேசாமல் நம்பவைக்கிறது படம். மொரிஷியஸில் நம் சொத்து, கல்யாண விவகாரங்களெல்லாம் இன்றும் அந்தச் சட்டத்தின் வழிவந்த சிவில் சட்டப்படிதான் நடக்கின்றன. அதனாலேயே எனக்கு அந்தச் சுருள்தான் படத்தின் உயிர்.

நம் வீட்டுக் கூடத்தில் தொங்கும் பழைய ஸ்டூடியோ படத்தில் தாத்தா கையில் புத்தகத்தோடு நிற்பாரே, அதே மாதிரி.

தவீத்தின் படம் நேரில் பார்த்து வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இதற்காக நெப்போலியன் தவீத் முன் உட்காரவே இல்லை, படத்தைக் கேட்டு வாங்கியவரும் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு.